தொலைநிலைக் கல்வியும் செயற்கை நுண்ணறிவும் – ஒரு வரலாற்று நோக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், நூல் இன்னது, ஆசிரியன் இன்னான், கற்பிக்கும் முறை இது, மாணாக்கன் இன்னான், கற்கும் முறை இது என ஐந்து செய்திகளை அதன் பொதுப்பாயிரம் எடுத்துரைக்கின்றது. ஆசிரியர் பயிற்சியின்போது நாம் படித்த மேலைநாட்டுக் கல்வி உளவியலுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட கல்விக் கோட்பாடு அது.

அப்பாயிரத்துள் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் உரைப்பதைச் செம்மையாகக் கேட்டு மனங்கொள்ளும் மாணாக்கனுக்கும் புலமையில் காற்கூறுதான் கிட்டும். உடன் பயில்வாரோடு பழகி உசாவுவதால் மற்றுமொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறோ, தான் கற்றதைப் பிறர்க்குத் தானே விரித்துரைக்கும்போதுதான் நிறைவெய்தும். கால், கால், அரை என்னும் இக்கணக்கு எண்ணூறு ஆண்டுகளாக நம் கையில் இருக்கின்றது.

இதனை இன்று நினைவுகூர வேண்டிய தேவை நேர்ந்துள்ளது. சுங்கை பெசார், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் குடும்பங்களில் பிறந்த இளைஞர் சிலர், வீட்டிலிருந்தவாறே இயங்கலை வழிப் பட்டப்படிப்பு மேற்கொள்கின்றனர். பகலெல்லாம் பணி செய்து, இரவில் மடிக்கணினியின் முன் அமர்வோரும் அவர்களுள் உளர். அவர்தம் கைக்கெட்டும் தொலைவில் செயற்கை நுண்ணறிவு என்னும் புதுக்கருவி வந்து நிற்கின்றது. வினவியதை விளக்குகின்றது, பணித்தால் கட்டுரையும் எழுதித் தருகின்றது. இக்கருவியைப் பொறுப்போடு ஆளுவது எங்ஙனம்? தொலைவிலிருந்து கற்றல் என்னும் முறை கடந்துவந்த பாதையைப் பவணந்தியாரின் கணக்கோடு ஒப்பிட்டு நோக்கின் விடை தானே விளங்கும்.

திண்ணையும் மணலும்

பண்டைத் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலைக்கு மாறினர். ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகளோ பலர். ஆதலின் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது வழக்கமாயிற்று. ஆசிரியர் தட்டுப்பாட்டால் பிறந்த ஏற்பாடு போல் இது தோன்றினும், சட்டாம்பிள்ளைக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. சொல்லிக் கொடுத்தே அவன் தன் பாடத்தில் தேறினான்.

இதனை ஓர் அயல்நாட்டவர் கண்டுகொண்டார். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாக அது சென்னை முறை எனப் பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் பரவியது. கற்றதை எடுத்துரைப்பதே கல்வியின் பெரும்பகுதி என்னும் உண்மையை நம் திண்ணைப் பள்ளிகள் நடைமுறையில் வைத்திருந்தன என்பதற்கு இதுவே தக்க சான்று.

மலாயா மண்ணில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள், தோட்ட நிருவாகங்கள் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய கடமையை வலியுறுத்தின. அக்காலத் தோட்டப் பள்ளிகள் பலவும் ஓராசிரியர் பள்ளிகளே. கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ அங்கு ஆசிரியராக அமர்ந்தனர். தோட்டப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி என்பது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொலைவில் இருந்தது. அத்தொலைவைக் குறைக்க வந்ததே தொலைநிலைக் கல்வி.

அஞ்சல் சுமந்த கல்வி

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டில் ஐசக் பிட்மன் என்பார் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல் வழியாகக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதியனுப்பிய பயிற்சியை அவர் திருத்தித் திருப்பியனுப்பினார். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், தன் வளாகத்திற்கு வாராதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்தது. அவ்வழியால் குடியேற்ற நாடுகளில் இருந்தோர் பலர் பயன் பெற்றனர்.

இந்தியாவில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அவ்வழியைப் பின்பற்றின. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்று, 1971இல் முதல் மாணவர்களை ஏற்றது. நம் நாட்டிலும் அதே 1971ஆம் ஆண்டில்தான் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்திற்கு வெளியே இருந்து பயிலும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. வேலையை விட்டுவிட இயலாத ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் பட்டதாரிகளாக அது துணைபுரிந்தது. 1972இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. புத்தாயிரத்தில் 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன.

ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். அஞ்சல் உறையில் வந்த பாடமும், வானொலியில் ஒலித்த பாடமும், தொலைக்காட்சியில் தோன்றிய பாடமும் ஆசிரியரின் உரையையே சுமந்து வந்தன. பவணந்தியாரின் கணக்குப்படி அவை தந்தது முதற் காற்கூறு. வார இறுதியிலும் விடுமுறையிலும் நடந்த நேர்முக வகுப்புகள், உடன் பயில்வாரைக் கூட்டுவித்து இரண்டாம் காற்கூற்றில் ஒரு பகுதியைத் தந்தன. எஞ்சிய அரைக்கூற்றை மாணவர் தம் கையாலேயே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கென அமைந்ததே இடுபணி. மாதந்தோறும் எழுதி அனுப்ப வேண்டிய அக்கட்டுரைதான், தொலைவிலிருக்கும் மாணவர் தம் ஆசிரியரை நோக்கி வாய் திறந்து பேசும் ஒரே இடம். இடுபணியைப் பணம் கொடுத்துப் பிறரைக் கொண்டு எழுதுவித்தோரும் அக்காலத்தில் இருந்தனர். ஆயினும் அதற்கு ஆளைத் தேட வேண்டும், பொருள் செலவாகும், வெளிப்பட்டால் தலைகுனிவு நேரும். இத்தடைகள் பெரும்பாலோரை நேர்வழியில் நிறுத்தின.

கணினியில் குடிபுகுந்த தமிழ்

கணினியில் தமிழை ஏற்றும் முயற்சியில் மலேசியத் தமிழர்க்குத் தனியிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருள், பின்னாளில் முரசு அஞ்சல் என வளர்ந்து உலகத் தமிழரிடையே பரவியது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம், தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டித் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பற்றிய எண்ணம் அரும்பியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அது செயலுக்கு வந்தது. அதே ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலும் நடைபெற்றது.

இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனத்தை முன்னின்று வழிநடத்தியவர் அறிஞர் வா. செ. குழந்தைசாமி ஆவார். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றிய அவர், தொலைநிலைக் கல்வியின் நுட்பங்களை நன்குணர்ந்தவர். நூலகமே இல்லாத ஊரில் வாழும் தமிழ் மாணவனும் தொல்காப்பியத்தையும் சங்க நூல்களையும் அவற்றின் உரைகளையும் தன் வீட்டில் அமர்ந்து புரட்டிப் பார்க்கும் நிலையை இம்முயற்சிகள் உண்டாக்கின. உயர்கல்விக்காகத் தலைநகரை நோக்கிப் புறப்பட வேண்டியிருந்த வடசிலாங்கூர் மாணவர்க்கு இது எத்துணைப் பெரிய பேறு என்பதை நாம் அறிவோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, தொலைநிலைக் கல்வி சிலர்க்குரிய வழி என்னும் நிலை மாறி, அனைவர்க்கும் உரிய கட்டாயமாயிற்று. ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்திய வீடுகளும், அலைவரிசை கிட்டும் இடம் தேடி வீதிக்கு வந்த மாணவர்களும் அக்காலத்தின் காட்சிகள். பெருந்தொற்று தணிந்த பின்னும் இயங்கலைக் கல்வி நிலைபெற்றுவிட்டது. அந்நிலையில்தான் 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வெளிவந்தது.

கருவியின் இயல்பு

எந்திரம் சிந்திக்குமா என்னும் வினாவை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950இல் எழுப்பினார். 1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பார் எலிசா என்னும் உரையாடல் நிரலை உருவாக்கினார். பயனர் சொன்ன சொற்களையே சற்று மாற்றி வினாவாகத் திருப்பித் தரும் எளிய நிரல் அது. ஆயினும் அது தம்மைப் புரிந்துகொண்டதாகவே மக்கள் எண்ணினர். இதனைக் கண்டு கலங்கிய வைசன்பாம், எந்திரத்திடம் எவற்றை ஒப்படைக்கலாகாது என்பதை ஆராய்ந்து 1976இல் ஒரு நூலே எழுதினார். தாம் படைத்த கருவியைக் குறித்துத் தாமே எச்சரித்த அறிஞர் அவர்.

இன்றைய கருவிகள் எலிசாவினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. கோடிக்கணக்கான பக்கங்களில் உள்ள எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டு, ஒரு தொடருக்குப் பின் எத்தொடர் வருதல் பொருந்தும் என்று கணித்து விடை தொடுப்பவை. பலவேளைகளில் அவ்விடை சரியாகவும் தெளிவாகவும் அமைகின்றது. ஆனால் சரியான விடையையும் பொய்யான விடையையும் அது ஒரே உறுதியோடுதான் உரைக்கின்றது. 2021இல் எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலிய ஆய்வாளர் எழுதிய கட்டுரையொன்று இத்தகைய மொழிக்கருவிகளைக் கிளிக்கு ஒப்பிட்டது. நன்னூலை அறிந்தார்க்கு இவ்வுவமை புதிதன்று. சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியை இடைமாணாக்கனுக்கு உவமையாக்கியவர் பவணந்தியார்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர்க்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. செயற்கை நுண்ணறிவு புனைந்து தந்த, உலகில் நடவாத வழக்குகளை முன்தீர்ப்புகளாகக் காட்டி அவர்கள் மனு அளித்திருந்தனர். ஆங்கிலத்திலேயே இந்நிலை எனில், தமிழில் பிழை மலிதற்குக் கேட்பானேன்? இக்கருவிகளைப் பயிற்றிய எழுத்துகளுள் தமிழின் பங்கு ஆங்கிலத்தை நோக்க மிகச் சிறிது. திருவள்ளுவர் எழுதாத குறளை அவர் பெயரால் தருவதும், அகநானூற்றுப் பாடலைப் புறநானூற்றில் வைப்பதும், எவரும் எழுதாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் காட்டுவதும் நேரக்கூடியவையே. யாப்பறிந்த ஆசிரியர், ஏழு சீர் அமையாத குறளைக் கண்டவுடன் நகைத்து ஒதுக்குவார். யாப்பறியாத மாணவரோ அதனைத் தம் கட்டுரையில் மேற்கோளாக ஏற்றிவிடுவார்.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகளை எல்லாம் ஒப்பு நோக்கினார். ஒரு சொல்லின் உண்மை வடிவத்தை அறிய ஊரூராகச் சென்று ஏடு தேடினார். அவர் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கும் இன்றைய மாணவர்க்குத் தேவையில்லை. கருவி காட்டும் மேற்கோளை மதுரைத் திட்டத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ தேடிச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். அச்சில நிமிடங்களைச் செலவிட மறுப்பவர் ஐயரவர்களின் வாழ்நாள் உழைப்புக்கு நன்றி மறந்தவராவார்.

அரைக்கூற்றின் இழப்பு

பிழையான செய்தி ஒரு தீங்கு, அது திருத்தத்தக்கது. அதனினும் பெரிய தீங்கு, செய்தி அனைத்தும் சரியாக இருக்கும்போதே நேர்வது. அஞ்சலும் வானொலியும் இணையமும் மாணவர்க்குப் பாடத்தைக் கொண்டுவந்து சேர்த்தன. எடுத்துரைக்கும் பணியை மாணவரிடமே விட்டுவைத்தன. அப்பணியையும் தானே செய்து முடிப்பதாகச் செயற்கை நுண்ணறிவு முன்வருகின்றது. விலையோ மிகக் குறைவு, ஆளைத் தேட வேண்டியதில்லை, நள்ளிரவிலும் காத்திருக்கின்றது. முற்காலத்தில் இடுபணியைக் காத்துநின்ற தடைகள் யாவும் நீங்கிவிட்டன. மாணவர் இதற்கு இசைந்தால் அவர் இழப்பது புலமையின் செம்பாதி.

இது வெறும் அச்சமன்று. துருக்கி நாட்டில் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கணிதப் பாடத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று 2025இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. விடையை நேரே தரும் கருவியைப் பயன்படுத்திய மாணவர் பயிற்சியின்போது 48 விழுக்காடு மேம்பட்ட மதிப்பெண் பெற்றனர். கருவியை நீக்கித் தேர்வு வைத்தபோதோ, அதனைத் தொடவே தொடாத மாணவரைவிட 17 விழுக்காடு தாழ்ந்தனர். மற்றொரு குழுவினர்க்கு வழங்கிய கருவி விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர் உதவியோடு அமைக்கப்பட்டிருந்தது. அக்குழுவினர் பயிற்சியில் பெரிதும் மேம்பட்டனர். தேர்விலும் அத்தகைய வீழ்ச்சி காணவில்லை. ஒரே கருவி, பயன்படுத்திய முறைதான் வேறு. எடுத்துரைக்கும் பணி மாணவரிடம் இருந்தவரை கல்வி நிலைத்தது. அது கருவியிடம் போனபோது கல்வியும் உடன் போயிற்று.

நம்மவர்க்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்றுண்டு. இயங்கலை வழிப் பயிலும் தமிழ் மாணவருள் நாளைய ஆசிரியர்களும் உளர். நாட்டிலுள்ள ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் வகுப்பறைகளில் அவர்கள்தாம் நிற்கப் போகின்றனர். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை எழுந்து, "ஐயா, இச்சொல்லுக்கு ஏன் வல்லினம் மிகவில்லை?" என்று வினவும்போது, கல்லூரியில் ஒரு விதியையேனும் தம் சொல்லால் விளக்கிப் பழகாத ஆசிரியர் என்ன விடை கூறுவார்? மேலும், தோட்டப்புறக் குடும்பத்தில் முதற்பட்டதாரியாக வருபவரின் சான்றிதழ் அக்குடும்பம் முழுமையும் சேர்த்த முதல். அதன் மதிப்பில் பாதியை நம் கையாலேயே அழித்துக்கொள்ளலாமா?

பொறுப்போடு ஆளும் முறை

அவ்வாறாயின் இக்கருவியை அறவே ஒதுக்கிவிடலாமா எனின், அது வேண்டுவதன்று, இயல்வதும் அன்று. உயர்கல்வியின் தரத்தைக் கண்காணிக்கும் மலேசியத் தகுதி முகமை 2023இலேயே இவ்வகைக் கருவிகள் பற்றி உயர்கல்விக் கூடங்களுக்கு அறிவுரைக் குறிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனமும் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவின் ஆளுமைக்கும் அறநெறிக்குமான தேசிய வழிகாட்டி நம் நாட்டில் அறிமுகமாயிற்று. ஆகவே மாணவர் முதற்கண் செய்ய வேண்டியது, தம் பல்கலைக்கழகமும் விரிவுரையாளரும் எவ்வளவு இசைவு தந்துள்ளனர் என்பதை அறிந்துகொள்வதே. ஒரு பாடத்தில் இசைந்தது மற்றொரு பாடத்தில் விலக்கப்பட்டிருக்கலாம். விலக்கிய இடத்தில் அதனை ஆளுதல் களவேயாம்.

இசைவுள்ள இடத்தில், முதற் காற்கூற்றிற்குக் கருவியைத் தாராளமாகத் துணைக்கொள்ளலாம். ஆங்கிலத்திலோ தேசிய மொழியிலோ உள்ள கடினமான பகுதியைத் தமிழில் எளிமையாக விளக்குமாறு கேட்கலாம். ஒரு கருத்துக்கு வேறோர் எடுத்துக்காட்டுத் தருமாறு வேண்டலாம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய மொழி வழி இடைநிலைக் கல்வி பெற்று, ஆங்கில நூல்களோடு போராடும் நம் மாணவர்க்கு இது மெய்யான உதவி. பெற்ற விளக்கத்தை மட்டும் மூலநூலோடு ஒப்பிட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் காற்கூற்றிற்கும் கருவி ஓரளவு உதவும். "இப்பாடத்தில் என்னிடம் பத்து வினாக்கள் கேள், விடையைச் சொல்லிவிடாதே, நான் தவறினால் குறிப்பு மட்டும் கொடு" என்று அதனைப் பணிக்கலாம். ஆயினும் உடன் பயிலும் மாந்தர்க்கு அது ஈடாகாது. தனிமையே இயங்கலை மாணவரின் பெருந்துன்பம். ஒரே பாடம் பயில்வோர் நால்வர் புலனக் குழுவாக இணைந்து, வாரம் ஒருமுறை கூடி உசாவுவார்களாயின், அக்காற்கூறு முழுமையாகக் கிட்டும்.

எஞ்சிய அரைக்கூற்றில் கருவியை முன்னே நடக்க விடலாகாது. காட்டாக, நெய்தல் திணைப் பாடல்களில் கடற்கரை வாழ்க்கை பற்றி இடுபணி எழுத வேண்டும் என்று கொள்வோம். பாடல்களை மாணவரே படிக்க வேண்டும். கருத்தைத் தாமே தேர்ந்து, முதல் வரைவைத் தம் சொல்லிலேயே எழுத வேண்டும். அதன் பின்னர், "என் வாதத்தில் எங்கே இடைவெளி உள்ளது? எப்பிழை எந்த விதிக்கு மாறானது?" என்று கருவியை வினவலாம். அது காட்டும் திருத்தத்தைக் காரணம் கேட்டு ஆராய்ந்து, ஏற்பதோ மறுப்பதோ தாமே முடிவு செய்ய வேண்டும். பிறர் கருத்தை உடன்படுதலும் மறுத்தலும் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் அடங்கும் எனக் கூறும் நன்னூல், கேள்வியின்றி விழுங்குதலை அவற்றுள் ஒன்றாகக் கூறவில்லை.

துணை பெற்றதை மறைத்தலும் ஆகாது. தமக்கு முன்னிருந்த புலவர்களின் கருத்தை உரைக்குமிடத்து, அஃது அவர் கூற்று என்பதைத் தொல்காப்பியர் மீண்டும் மீண்டும் சுட்டிச் செல்கின்றார். அம்மரபில் வந்தவர்கள், எந்தக் கருவியை எவ்வேலைக்குப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையின் இறுதியில் இரண்டு வரி எழுத ஏன் நாண வேண்டும்?

முதல் வரைவையும் திருத்திய படிகளையும் பாதுகாத்து வைத்தல் மாணவர்க்கு அரணாகவும் அமையும். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் மென்பொருள்கள் தவறிழைக்கின்றன. 2023இல் ஸ்டான்ஃபர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தனர். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை எந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறித்தன. நேர்மையாக உழைத்த நம் மாணவர் மீது இத்தகைய பழி விழுமாயின், வரைவுகளே அவர்க்குச் சாட்சி. இன்னுமொன்று: அடையாள அட்டை எண்ணையும், பிறருடைய தனிச் செய்திகளையும், பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களையும் மதிப்பெண்களையும் இக்கருவிகளில் இடுதல் ஆகாது. பயிற்றுப்பணிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும் மாணவர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் கடமை

பொறுப்பு மாணவரிடம் மட்டும் இல்லை. எந்திரம் ஒரு நொடியில் எழுதிவிடக்கூடிய தலைப்பை ஆண்டுதோறும் மாற்றாமல் கொடுத்துவிட்டு, மாணவர் நேர்மையைக் குறைகூறுவதில் பயனில்லை. தம் ஊர்ப் பெயர்களின் வரலாறு, தோட்ட முதியோரின் வழக்குச் சொற்கள், தாம் கற்பித்த வகுப்பில் கண்ட இலக்கணப் பிழைகள் என மாணவர் தாமே சென்று திரட்ட வேண்டிய பொருள்களை இடுபணியாகத் தரலாம். எழுதியதை ஐந்து நிமிடம் வாய்மொழியாக விளக்கச் சொல்லலாம். வாய்மொழித் தேர்வு நமக்குப் புதிதன்று. பாடம் ஒப்பித்தலும் பொருள் உரைத்தலும் திண்ணைப் பள்ளியின் நாள்முறை. இயங்கலை வகுப்பில் திரை வழியாகவும் இதனைச் செய்ய இயலும்.

பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னத்தையும், வயிறார மேய்ந்து பின் அமைதியாக இருந்து அசைபோடும் ஆவையும் முதன்மாணாக்கர்க்கு உவமையாக்கினார் பவணந்தியார். நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைத் தேக்கிக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமித்தார். செயற்கை நுண்ணறிவு கொட்டும் செய்தி வெள்ளத்தின் முன் அன்னமாக நிற்பதா, நெய்யரியாக நிற்பதா என்பதை ஒவ்வொரு மாணவரும் ஒவ்வோர் இரவும் தாமே முடிவு செய்கின்றனர். அங்கே கண்காணிக்க ஆசிரியர் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. தொலைநிலைக் கல்வி தொடக்கமுதல் மாணவரின் நேர்மையை நம்பியே நடந்து வந்துள்ளது.

ஆகவே வடசிலாங்கூரின் மாணவச் செல்வங்கள் இக்கருவியை அஞ்சாது கையாள்க. ஐயம் தீர்க்க அதனை வினவுக. அது கூறுவதை மூலத்தோடு ஒப்பிடுக. துணை பெற்றதை மறையாது கூறுக. கற்று முடித்த பின் மடிக்கணினியை மூடிவிட்டு, வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்கோ அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கோ அப்பாடத்தைத் தம் சொல்லில் ஒருமுறை விளக்கிப் பார்க்க. தடையின்றி விளக்க முடிந்தால் அரைக்கூறும் கைவந்தது என அறிக. தடுமாறினால், அப்பக்கத்தை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு எழுதத் தொடங்குக.